சின்ன கொடவ

1

ஐதராபாத்துக்கு வந்து இந்த மாதத்தோடு முப்பத்தோரு வருஷம் ஆகிறது. இதைப் போய்ப் புலம்பெயர்வு என்று எழுதினால் கனடாவில் இருக்கும் என் தம்பி சிரிப்பான். கடல் தாண்டவில்லை, விசா வாங்கவில்லை, பனியில் வழுக்கி விழவில்லை. இருந்தாலும் என் பேரைப் பாருங்கள். அப்பா ஆசையாக வைத்த பேர் மலர்விழி. ஆதாரில் மலர்விஜி. வங்கிப் புத்தகத்தில் மலர்விலி. கேஸ் இணைப்புப் புத்தகத்தில், தெலுங்கு எழுத்தில், மலர்வில்லி. அதைத் திருத்த நான்கு தடவை போனேன். நான்காவது தடவை கவுண்ட்டரில் இருந்தவர், “ரெண்டூ ஒகட்டே கதம்மா” என்றார், இரண்டும் ஒன்றுதானே என்று. வில்லி என்றால் எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? நானும் அலுத்துப்போய் விட்டுவிட்டேன். இப்போது யோசித்தால், அந்தப் புத்தகத்தில் இருப்பதுதான் சரியான பேரோ என்று தோன்றுகிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்குக் காஞ்சன்பாக்கில் ஒரு மத்திய அரசு நிறுவனத்தில் இந்தி மொழிபெயர்ப்பாளர் வேலை. சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன். அம்பாசமுத்திரத்துக்காரி இந்தி எழுதிச் சம்பளம் வாங்குகிறாள் என்று கேள்விப்பட்டு எங்கள் பெரியப்பா ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. போகட்டும். வேலையில் நான் கறார். ஒரு சொல் கூடினாலும் குறைந்தாலும் விடமாட்டேன். மின்சாரப் பெட்டி ஒன்றில் மாட்டுவதற்குப் பலகை எழுதினார்கள். ஆங்கிலத்தில் ‘தொடாதே, உயிருக்கு ஆபத்து’ என்று இருந்ததை, ஒரு அதிகாரி இந்தியில் ‘தயவுசெய்து தொட வேண்டாம்’ என்று மாற்றிவைத்திருந்தார். “சார், ஷாக் அடிக்கிற இடத்துல என்ன சார் மரியாதை? அந்தத் தயவுசெய்தை எடுங்க” என்று ஒரு வாரம் மல்லுக்கட்டி எடுக்கவைத்தேன். அந்தப் பலகை இன்னும் இருக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் என் அறைக்குப் போகிறேன்.

போன மாதம் ஆபீஸில் இந்தி விழா நடந்தது. வருஷா வருஷம் பதினைந்து நாள் நடக்கும், கட்டுரைப் போட்டி, பேச்சுப் போட்டி, கடைசி நாள் சமோசா. இந்த வருஷம் சிறந்த மொழிபெயர்ப்பாளர் என்று எனக்குக் கேடயம் கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து ஷோகேஸைத் திறந்தேன். பிறகு மூடிவிட்டு, பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். என் மகள் நித்யா சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்லித் தொலைத்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

2

இந்த ஊர்ப் பேச்சைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது.

குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டில் நான்கு மொழி ஓடும். நானும் எங்க வீட்டுக்காரரும் பேசிக்கொள்வது திருநெல்வேலித் தமிழ். காய்கறி வண்டிக்காரரிடம் தக்கினி, அதாவது இந்த ஊர் உருது. ஆமாம் என்றால் ‘ஹவ்’, வேண்டாம் என்றால் ‘நக்கோ’. அக்கம்பக்கத்தில் தெலுங்கு. மகளோடு எல்லாம் கலந்த கதம்பச் சாதம். நித்யாவுக்கு இருபத்து நான்கு வயது, இங்கேயே பிறந்து வளர்ந்தவள். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் வரும். கோபம் வந்தால் இந்தி, ரொம்பக் கோபம் வந்தால் ஆங்கிலம். “எம் பிள்ளைக்குத் தமிழே தெரியாது” என்று ஊருக்குப் போன இடமெல்லாம் சொல்லிக் குறைபட்டுக்கொள்வேன். அது குறையா பெருமையா என்று கேட்டால் எனக்கே தெரியாது.

நான் மட்டும் என்ன வாழ்ந்தது? வந்த புதிதில் வீட்டு வேலைக்கு யாதம்மா என்று ஒருத்தி வந்துகொண்டிருந்தாள். ஒரு நாள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து, பள்ளிக்கூடத்தில் தன் மகளை “சாரு கொட்டிண்டு” என்றாள். வாத்தியார் எதையோ குழந்தை மேல் கொட்டிவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்து, ‘போனால் போகுது, துடைச்சிரலாம்’ என்று எனக்குத் தெரிந்த இந்தியில் ஆறுதல் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கொட்டிண்டு என்றால் அடித்தான். மரியாதை சேர்த்தால் கொட்டிண்ட்ரு, அடித்தார். ‘காது’ என்றால் காது இல்லை, ‘அது அல்ல’ என்று அர்த்தம். இதெல்லாம் அந்த ஒரு மாதத்திலேயே பாடமாகிவிட்டது.

இன்னொரு சொல்லும் அப்போதே கற்றுக்கொண்டேன். கொடவ. சண்டை என்று சொல்லலாம், ஆனால் இந்த ஊரில் எல்லாமே கொடவதான். தண்ணீர் லாரி வராவிட்டால் கொடவ, வண்டி நிறுத்த இடமில்லை என்றால் கொடவ, மாமியார் மருமகள் பேசாவிட்டால் கொடவ. ரொம்ப வசதியான சொல் அது. அதில் யார் செய்தது, யார் பட்டது என்பதே இருக்காது. இரண்டு பேர் சேர்ந்து செய்தால் கொடவ. ஒருத்தன் கொடுத்து இன்னொருத்தி வாங்கினால் கொட்டிண்டு. மொழிபெயர்ப்பாளரான எனக்கு இந்த வித்தியாசம் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

3

மாரிச்செல்வி எங்கள் பிளாக்கில் மாடி வீட்டுக்கு வந்து மூன்று வருஷம் இருக்கும். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், அப்போது இருபத்தைந்து வயது. கைக்குழந்தை தர்ஷினி. புருஷன் கார்த்திக் எங்கள் நிறுவனத்திலேயே டெக்னிக்கல் பிரிவில் இருந்தான். வந்த மறுநாளே கீழே இறங்கி வந்து, “அக்கா, நீங்க நம்ம பக்கமாமே, கீழ வீட்டுல சொன்னாக” என்று வாசலில் நின்றாள். ‘சொன்னாக’. அந்த ஒரு ‘ஆக’வைக் கேட்டதும் எனக்கு வயிறு நிறைந்துவிட்டது. எங்கள் பக்கம் பெரியவர்களைச் சொன்னாலும் புருஷனைச் சொன்னாலும் வந்தாக, போனாகதான்.

கார்த்திக்கும் லேசுப்பட்டவன் இல்லை. தமிழ்ச் சங்கத்தில் பொங்கலுக்குக் கரும்பு இறக்குவதிலிருந்து பந்தி பரிமாறுவது வரை அவன்தான் முன்னால் நிற்பான். எனக்குச் சர்க்கரை என்று தெரிந்து, இனிப்புப் போடாத பொங்கலைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்திருந்து, “அக்காவுக்கு” என்று கொண்டுவந்து கொடுப்பான். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பையனா என்று நானே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஆறு மாதம் போயிருக்கும். அவள் மணிக்கட்டில் வளையல் உடைந்து கிழித்த கீறல். கேட்டதற்கு, கதவில் இடித்துக்கொண்டேன் என்றாள். அடுத்த தடவை கன்னம். அதுவும் கதவுதான். மூன்றாவது தடவை நான் கேட்காமலே சொன்னாள்.

“அக்கா, அவுக கை நீட்டுதாகக்கா.”

நான் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். எதிரில் உட்கார்ந்து, “அடிக்கிற கைதாம்ட்டி அணைக்கும். கொஞ்சம் பொறுத்துப் போ. பிள்ளை வளந்துட்டா எல்லாம் சரியாயிரும்” என்றேன். அவள் காப்பியைக் குடித்தாள், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள், மாடிக்குப் போனாள். அதன் பிறகு ஒரு வருஷம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சரியாகிவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன். என்னிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை என்று அவள் முடிவு செய்திருப்பாள் என்பது மரமண்டைக்கு உறைக்கவில்லை. உறைக்கவில்லை என்பதும் பொய். மாடியில் சத்தம் கேட்டால் டிவியைக் கூட்டி வைப்பேன்.

4

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தோம். செல்வி வந்து நின்றாள், இடுப்பில் தர்ஷு. இடது காதை முந்தானையால் பொத்தியிருந்தாள், முந்தானையில் ரத்தம்.

“அக்கா, போலீஸ் ஸ்டேஷனுக்கு வாரீகளா? எனக்குத் தெலுங்கும் தெரியாது, இந்தியும் தெரியாது. நீங்க சொன்னா அப்படியே எழுதிக்கிடுவாக. மொழிபெயர்க்கதுதான உங்க வேலை.”

சேலை மாற்ற உள்ளே போனேன். எங்க வீட்டுக்காரர் பின்னாலேயே வந்தார். “பாத்துப் பேசு. அவனுக்கு இந்த வாரம் பிரமோஷன் போர்டு. நம்மாளுக பேரு நாறிப்போகும். புருஷன் பொண்டாட்டி இன்னிக்கு அடிச்சுக்கிடுவாக, நாளைக்குச் சேந்துக்கிடுவாக. நடுவுல போனவதான் கெட்டவ.” பழியை அவர் தலையில் கட்டித் தப்பிக்க இதை எழுதவில்லை. அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே நான் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டோவில் நான், செல்வி, குழந்தையைப் பிடித்துக்கொள்ள நித்யா. ஸ்டேஷனில் ஒரு பெண் அதிகாரி இருந்தார். நல்ல மனுஷி. செல்வியை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, “செப்பம்மா” என்றார். சொல்லு என்று நான் செல்வியிடம் சொன்னேன்.

செல்வி சொன்னாள். “அவுக இடது கையால முடியப் பிடிச்சுக்கிட்டு வலது கையால காதுல அடிச்சாக. மூணு தடவை. தர்ஷு காலைக் கட்டிக்கிட்டு அழுதா, அவள உதறிவிட்டாக. ‘கொன்னு போட்டுட்டு ஊருக்குப் போயிட்டான்னு சொல்லிருவேன், உன்னத் தேடுததுக்கு இங்க யாரு இருக்கா’ன்னு சொன்னாக. இது இன்னிக்கு நேத்து இல்லக்கா, கல்யாணம் ஆன நாலாம் மாசத்துலருந்து.” பிறகு ஒவ்வொரு தடவையையும் சொன்னாள். எந்த மாதம், எந்தக் கை, எதனால் என்று. பத்து நிமிஷம் பேசியிருப்பாள். அவ்வளவிலும் அடிச்சாக, உதறிவிட்டாக, சொன்னாக. அடித்தவனுக்கு ஒரு இடத்தில்கூட மரியாதையைக் குறைக்கவில்லை.

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்.

“பார்யாபர்த்தல மத்ய சின்ன கொடவ மேடம்.”

புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் சின்னச் சண்டை. பத்து நிமிஷத்துக்கு ஐந்து சொல்.

அதிகாரி எழுதவில்லை. செல்வியின் காதைப் பார்த்தார். “கொட்டிண்டா?” என்று என்னிடம் கேட்டார், அடித்தானா என்று. இதைவிட நேராக ஒரு கேள்வி கேட்க முடியாது. ஆமாம் என்பதற்கு எனக்கு நான்கு மொழியில் சொல் தெரியும்.

“லேது மேடம். கொடவலோ படிந்தி.” இல்லை, சண்டையில் தவறி விழுந்துவிட்டாள்.

“என்னக்கா கேக்காக?” என்றாள் செல்வி.

“காது வலிக்கான்னு கேக்காகட்டி.”

பாவம், அவள் அதிகாரியைப் பார்த்து வேகவேகமாகத் தலையாட்டினாள். காதைத் தொட்டுக் காட்டி மறுபடியும் தலையாட்டினாள். நான் சொன்னதை அவளே ஆமாம் என்கிறாள் என்று அதிகாரி எடுத்துக்கொண்டார். எழுதினார். அந்த அம்மாள் மேல் நான் ஒரு குற்றமும் சொல்ல மாட்டேன், நான் சொன்னதைத்தான் எழுதினார். கீழே என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். பேரை எழுதி, பக்கத்தில் ‘மொழிபெயர்ப்பாளர்’ என்றும் எழுதிக் கோடு இழுத்தேன். பழக்கதோஷம். கார்த்திக்கை வரவழைத்துக் கண்டித்தார்கள். அவன் கை கட்டி நின்று, இனிமேல் நடக்காது என்றான்.

திரும்பும்போது ஆட்டோவில் செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்க மட்டும் இல்லன்னா நான் என்னக்கா செய்வேன்” என்றாள். கார்த்திக் ஸ்கூட்டரில் பின்னால் வந்துகொண்டிருந்தான். நித்யா வெளியே பார்த்தபடி தெலுங்கில், செல்விக்குப் புரியாத மாதிரி, “அம்மா, அக்கா செப்பிந்தி அதி காது” என்றாள். செல்வி அக்கா சொன்னது அது இல்லை, என்று.

“ஒனக்குத் தமிழே ஒழுங்காத் தெரியாது. பேசாம வா” என்றேன்.

5

பத்து நாள் கழித்து, நான் ஆபீஸில் தீயணைப்புச் சுற்றறிக்கை ஒன்றை இந்தியாக்கிக்கொண்டிருந்த நேரத்தில், வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நித்யா லேப்டாப்பை மூடிவைத்துவிட்டு மாடிக்குப் போயிருக்கிறாள். செல்வியையும் குழந்தையையும் ஆட்டோவில் ஏற்றி, பெண்களுக்கான ஒரு உதவி மையத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறாள். ஸ்டேஷனுக்குப் போன குற்றத்துக்காக அவன் மறுபடியும் அடித்திருந்தான், அதே காதில். செவிப்பறை கிழிந்துவிட்டது, பழையபடி கேட்காது என்று டாக்டர் சொன்னாராம். மையத்தில் அருணா மேடம் என்று ஒருவர் எல்லாம் பார்த்துக்கொண்டார், ஆஸ்பத்திரி, வக்கீல், தங்க இடம்.

“எங்கட்டி இருக்கா?” என்று நித்யாவிடம் கேட்டேன்.

“ஹாஸ்டல்ல.”

“எந்த ஹாஸ்டல்?”

“நீக்கு செப்பகூடது அம்மா. அதி ரூல்.” உனக்குச் சொல்லக் கூடாது, அது ரூல்.

“நான் யாருட்ட போயிச் சொல்லப் போறேன்?”

அவள் என்னைப் பார்த்தாள். “அன்னிக்கு அந்த மேடம்கிட்ட சொன்னது நீதானம்மா” என்றாள். அந்த வாக்கியம் மட்டும் சுத்தமான தமிழில் வந்தது. பெற்ற மகள் என்னை நம்பி ஒரு விலாசத்தைச் சொல்லத் தயாராக இல்லை. அன்றைக்கு எனக்கு வந்த வெட்கத்தைச் சொல்ல நான்கு மொழியும் போதாது.

அருணா மேடம் என்னைத் தேடி வந்தது அதற்கு ஐந்து மாதம் கழித்து. சோபா நுனியில் உட்கார்ந்து, தெலுங்கில் பொறுமையாகச் சொன்னார். அவன் அண்டக் கூடாது என்று உத்தரவு கேட்டு செல்வி கோர்ட்டுக்குப் போயிருக்கிறாள். கார்த்திக்கோ, சின்னச் சண்டைக்கு வீட்டை விட்டு ஓடிய பொம்பளையிடம் குழந்தை இருக்கக் கூடாது, என்னிடம் கொடுங்கள் என்று எதிர் மனு போட்டிருக்கிறான். அதற்கு அத்தாட்சியாக அவன் வைத்திருப்பது ஒரே ஒரு தாள். அதை எடுத்துக் காட்டினார். என் கையெழுத்து, என் பதவி, நான் இழுத்த கோடு.

“தப்பாகப் புரிந்துகொண்டீர்களா, இல்லை தெரிந்தே சொன்னீர்களா?” என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன்.

“லாங்குவேஜ் பிராப்ளம் மேடம்” என்றேன்.

முப்பது வருஷமாக இந்தத் தெலுங்கில் பால்காரரோடும் பிரின்சிபாலோடும் வாதாடி ஜெயித்தவள் நான். அருணா மேடம், உண்மையில் செல்வி என்ன சொன்னாள் என்று எழுதிக் கொடுத்து, கூப்பிடும்போது கோர்ட்டிலும் வந்து சொல்ல முடியுமா என்று மட்டும் கேட்டார். செய்கிறேன், ஆபீஸில் இந்தி விழா வேலை தலைக்கு மேல் இருக்கிறது, அது முடியட்டும் என்றேன். விழாவுக்கு இரண்டு மாதம் இருந்தது. பரிசுப் பட்டியலில் என் பேர் இருப்பதாக ஆபீஸில் பேச்சு. பொய்யாக மொழிபெயர்த்தேன் என்று நானே எழுதிக் கொடுத்தால் யார் கேடயம் தருவார்கள்? இதைத்தான் நினைத்தேன். அடித்துத் திருத்தாமல் எழுதுகிறேன், இதைத்தான் நினைத்தேன்.

வழக்கு முடியும்வரை சனிக்கிழமைதோறும் அப்பன் குழந்தையைப் பார்க்கலாம் என்று தற்காலிக ஏற்பாடு. செல்வி தர்ஷுவைக் கூட்டிக்கொண்டு மையத்து வராந்தாவில் வந்து நிற்க வேண்டும், அவன் வருவான், இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரமும் அவள் அவன் எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும், நல்ல காதை அவன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு. வெள்ளிக்கிழமையிலிருந்தே குழந்தை சாப்பிடாதாம். இதை நித்யா எனக்குச் சொல்லவில்லை, போனில் யாரிடமோ சொன்னதைக் கேட்டேன். என் விழா முடிவதற்குள் ஒன்பது சனிக்கிழமை போனது.

கேடயம் வாங்கிய அன்று, அதைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மின்சாரப் பெட்டியைத் தாண்டி வந்தேன். தொடாதே, உயிருக்கு ஆபத்து. நின்று இரண்டு தடவை படித்தேன். மறுநாள் லீவு போட்டு மையத்துக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். தைரியம் வந்து போகவில்லை. வீட்டில் நித்யாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அதனால் போனேன்.

6

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்ல வந்தது அது இல்லை. போன வாரம் உத்தரவு வந்துவிட்டது. அவன் அவளை நெருங்கக் கூடாது, குழந்தை அவளிடம்தான். கார்த்திக் இப்போது வேறு குவார்ட்டர்ஸுக்குப் போய்விட்டான். தமிழ்ச் சங்கத்தில் என்னோடு பேச்சில்லை. ஒரு குடும்பத்தைக் கெடுத்தவள் என்கிறார்கள். நியாயத்துக்காக ஊர்ப் பகையைச் சம்பாதித்தவள் என்று மார்தட்டிக்கொள்ளலாம்தான். அந்த ஐந்து சொல்லைச் சொன்ன வாய் எது என்று எனக்குத் தெரியுமே.

விசாரணை அன்று எங்க வீட்டுக்காரர் கோர்ட் வாசல்வரை வண்டியில் கொண்டுவந்து விட்டார். உள்ளே வரவில்லை. “முடிஞ்சதும் போன் பண்ணு” என்றார், அவ்வளவுதான். நடுவர் ஒரு பெண், கண்ணாடி போட்டவர். முதலில் என்னைக் கூப்பிட்டார்கள்.

இது உங்கள் கையெழுத்தா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கொடவ என்று அவள் சொன்னாளா என்று கேட்டார்.

“இல்லை மேடம். அடித்தார் என்று சொன்னாள். பல தடவை சொன்னாள்.”

“பிறகு ஏன் அப்படிச் சொன்னீர்கள்?”

பதில் தயார் பண்ணி வைத்திருந்தேன். பதற்றம், அவசரம், என்று நல்ல தெலுங்கில். அது ஒன்றும் வாயில் வரவில்லை. “அவன் எங்கள் ஊர்க்காரன் மேடம். எங்கள் ஆட்களின் பேர் கெட்டுவிடும் என்று நினைத்து அப்படிச் சொன்னேன்” என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டு, உட்காரச் சொன்னார். திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

அடுத்து செல்வி. எட்டு மாதத்தில் அப்போதுதான் பார்க்கிறேன். மெலிந்திருந்தாள், ஆனால் நிமிர்ந்து நின்றாள். மடியிலிருந்த தர்ஷுவை அருணா மேடத்திடம் கொடுத்துவிட்டு எழுந்து வந்தாள். இந்த அம்மாவுக்குத் தமிழ்தானே, யார் சொல்வது என்று நடுவர் சுற்றிலும் பார்த்தார். எனக்கு எங்கே போயிற்று புத்தி, கால் தானாக எழுந்துவிட்டது. பாதி எழுந்து நிற்கிறேன்.

செல்வி திரும்பி என்னைப் பார்த்தாள்.

“நக்கோக்கா” என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. காய்கறி வண்டியில் வேண்டாத கீரையை ஒதுக்குகிற மாதிரிதான் சொன்னாள். அக்கா என்பதைக்கூட விடவில்லை. நான் உட்கார்ந்தேன்.

அவள் நல்ல காதை நடுவர் பக்கம் திருப்பிக்கொண்டு தானே பேசினாள். விடுதியில் கூட இருந்த பெண்களிடம் கற்றுக்கொண்ட தெலுங்கு. எங்கள் யாதம்மா பேசின அதே தெலுங்கு, நடு நடுவே சங்கரன்கோவில் இழுப்பு. வினைச்சொல் தப்பாக வந்தது, திருத்திக்கொண்டாள், மறுபடியும் தப்பாக வந்தது. ஒருவரும் குறுக்கே பேசவில்லை. எதிர்த் தரப்பு வக்கீல் அந்தத் தாளை நீட்டி, இதில் சின்ன கொடவ என்றுதானே இருக்கிறது என்றார். அந்தச் சொல்லைக் கேட்டதும் அவளுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அன்றைக்கு ஸ்டேஷனில் நான் என்ன சொன்னேன் என்பது அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. தாளை அவள் பார்க்கக்கூட இல்லை.

“கொடவ காது மேடம்” என்றாள். “கொட்டிண்டு.”

கொட்டிண்ட்ரு இல்லை, கொட்டிண்டு. தமிழில் அவள் ஒரு நாளும் ‘அடிச்சான்’ என்று சொல்லி நான் கேட்டதில்லை.

எழுத்தர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். என்ன சொன்னாள் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.